ஆட்டுக்கல்லும் சைக்கிளும்

(பத்தாம் வகுப்பு மாணவியர் ஐவருக்காக, அவர்களுள் ஒருத்தி எழுதியது)

“இந்தியப் பெண்களின் வாழ்க்கை அடியோடு மாறிவிட்டது” என்று பேச்சுப் போட்டிகளில் நாங்கள் பலமுறை முழங்கியிருக்கிறோம். அடுப்பங்கரையில் அடைபட்டுக் கிடந்தவள் இன்று விண்வெளிக்கும் பறக்கிறாள் என்று சொல்லிக் கைத்தட்டலும் பெற்றிருக்கிறோம். சென்ற ஆண்டு அப்படி ஒரு போட்டி முடிந்து மேடையை விட்டு இறங்கியபோது எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை எங்களை அழைத்தார்கள். “விண்வெளிக்குப் போனவரைப் பற்றி நன்றாகச் சொன்னீர்கள். உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று ஒருத்தியும் சொல்லவில்லையே?” என்று கேட்டார்கள். நாங்கள் விழித்தோம். அந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

நாங்கள் ஐந்து பேர். ஐவரும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து இப்பள்ளிக்கு வருகிறவர்கள். மூவர் கத்தோலிக்கக் குடும்பத்தினர், ஒருத்தி இந்து, ஒருத்தி இசுலாமியப் பெண். காலாண்டு விடுமுறையில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்துடன் வீட்டுப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்தோம். “எங்க கதையில என்னடி இருக்கு எழுத?” என்று முதலில் சிரித்தார்கள். பேசத் தொடங்கிய பிறகு நோட்டுப் புத்தகம் போதவில்லை.

முதலில் உடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். பண்பாடு என்றதும் எல்லாரும் முதலில் பார்ப்பது பெண்ணின் உடையைத்தானே!

எங்களில் ஒருத்தியின் வீட்டுச் சுவரில் அவளுடைய கொள்ளுப்பாட்டியின் நிழற்படம் தொங்குகிறது. கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டியிருக்கிறார். ரவிக்கை கிடையாது. காதிலே தண்டட்டி. அதன் கனத்தில் காது மடல் தோளைத் தொடும் அளவுக்குத் தொங்குகிறது. அக்காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அதுதான் மரியாதையான உடை. அவருடைய மருமகள் ரவிக்கை போட்டுக்கொண்டு புகுந்த வீட்டுக்கு வந்தபோது, “பட்டணத்துப் பவிசு” என்று ஊரே கேலி பேசியதாம். அன்று ரவிக்கை அணிந்தது பண்பாட்டுக் குறைவு. இன்று அணியாமல் இருந்தால் அதுவே பண்பாட்டுக் குறைவு! இதைக் கேட்டு நாங்கள் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

உள்பாவாடையும் ரவிக்கையும் அணிந்து, முந்தானையை இடத்தோளில் போட்டுச் சேலை உடுத்தும் முறையைத்தான் இன்று நாடெங்கும் ‘இந்தியப் பண்பாட்டு உடை’ என்கிறோம். இது தொன்றுதொட்டு வந்தது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். இம்முறை படித்த குடும்பங்களிடையே பரவுவதற்கு வங்காளத்து ஞானதானந்தினி தேவி ஒரு முக்கியக் காரணம் என்று பிறகு அறிந்தோம். இவர் கவி ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்யேந்திரநாத்தின் மனைவி. 1860களில் கணவரின் பணி நிமித்தம் பம்பாய் சென்ற இவர், அங்கே பார்சிப் பெண்கள் உடுத்தியதைக் கண்டு, அதனைத் தமக்கேற்ப மாற்றி உடுத்தத் தொடங்கினார். வெளியே செல்வதற்கு ஏற்ற உடை ஒன்று தேவைப்பட்டது. அதனால் உடை மாறியது. அந்த மாற்றத்துக்கு ஏறத்தாழ 160 வயதுதான் ஆகிறது.

நம் அருட்சகோதரியரின் உடையும் இப்படி மாறியதுதான். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு, துறவியர் உடை காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்றதாக இருக்கலாம் என்று ஆனதும், இந்தியாவில் பல சபைச் சகோதரியர் சேலைக்கு மாறினார்கள். இன்று அதே சேலையுடன் ஸ்கூட்டரும் ஓட்டுகிறார்கள் என்பதை இந்த மலரைப் படிக்கும் அனைவரும் அறிவீர்கள்.

தண்டட்டிக்கு வருவோம். அந்தக் கொள்ளுப்பாட்டியின் தண்டட்டி இப்போது வீட்டில் இல்லை. ஒரு வறட்சி ஆண்டில் கிணற்றை ஆழப்படுத்த அதை விற்றுவிட்டார்களாம். அவருடைய மகள்களோ நீண்ட காதை அறுத்துத் தைத்துக்கொண்டு தோடு போட்டுக்கொண்டார்கள். “எங்க ஆத்தாவுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதுவும் கிணத்துக்குள்ள போயிருச்சு” என்றார் அம்மாச்சி. இதை எழுதிக்கொண்டபோது நாங்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பின்னால்தான் அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

அடுத்து அடுப்பங்கரை. எங்கள் ஐந்து வீடுகளிலும் ஆட்டுக்கல் உண்டு. ஐந்திலும் அது கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. ஒரு வீட்டில் அதன் குழியில் மழைநீர் தேங்கிக் கோழிகள் குடிக்கின்றன. அம்மி மட்டும் இரண்டு வீடுகளில் மீன் குழம்புக்கு மசாலா அரைக்க இன்னும் பயன்படுகிறது. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது எங்கள் வீடுகளுக்கும் அவை வந்தன. அதற்கு முன்பே மிக்சி வாங்கியிருந்த வீடு எங்கள் ஐந்தில் ஒன்றே ஒன்று.

கல்லில் அரைத்த காலத்தில் ஒரு குடும்பத்துக்கு இட்லி மாவு ஆட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். ஒரு கை குழவியைச் சுற்ற, மற்றொரு கை மாவைத் தள்ளிவிட வேண்டும். தோள்பட்டை கழன்று போகும். “அப்படியானால் கிரைண்டர் வந்த பிறகு உங்களுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் மிச்சமா?” என்று நாங்கள் ஆவலுடன் கேட்டோம். அதற்கு எங்களில் ஒருத்தியின் அப்பத்தா சொன்ன பதிலை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

“அட கூறுகெட்டவளுகளா! அப்ப தினம் எவ இட்லி சுட்டா? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சுட்டா உண்டு. மத்த நாளெல்லாம் கூழு, இல்லாட்டிப் பழைய சோறு. இப்பல்ல ரெண்டு வேளையும் உங்களுக்குத் தோசை வேண்டியிருக்கு!”

எண்ணிப் பார்த்தால் உண்மைதான். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் நீராகாரமும் இருந்த இடத்தில் இட்லியும் தோசையும் வந்தன. சட்டினி வந்தது. காலையிலேயே மூன்று சாப்பாட்டு டப்பாக்களை நிரப்பும் வேலையும் வந்தது. இயந்திரம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தைப் புதிய வேலைகள் வந்து தின்றுவிட்டன. கம்பு குத்தும் உலக்கையும், தலையில் சுமந்த விறகுக் கட்டும் போனது பெரிய விடுதலைதான்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் காலையில் முதலில் எழுவது யார், இரவில் கடைசியில் படுப்பது யார் என்று ஒரு வாரம் ஐந்து வீடுகளிலும் குறித்து வைத்தோம். இரண்டு கேள்விக்கும் ஐந்து வீட்டிலும் ஒரே விடை: அம்மா.

இது எங்கள் ஊரின் கதை மட்டும் அன்று. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு முழுவதும் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. அதன்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஊதியமில்லாத அவ்வேலைக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். அப்படிச் செய்கிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களோ 81 பேர். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடமே குறைவு என்று கணக்கிட்டுப் பார்த்தபோது எங்களுக்கு ஒரு வெட்கமும் உண்டாயிற்று. ஏனெனில், அந்த ஐந்து மணி நேரத்தில் எங்கள் டப்பாவும் எங்கள் சீருடையும் அடங்கியிருக்கின்றன. எங்கள் அண்ணன் தம்பிமாருடையவையும்தான்!

இனி, இந்தக் கட்டுரைக்கு உயிரான செய்திக்கு வருகிறோம். அது சைக்கிளைப் பற்றியது.

1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குத் தொண்டர்கள் இரவு நேரத்தில் விளக்கு வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர் முனைந்தார். நடமாட முடிந்தால்தான் கற்ற கல்வி பயன்படும் என்பது அதன் கருத்து. உழவு வேலை செய்தோர், கல் குவாரியில் உழைத்தோர், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியைகள் என எல்லாரும் கற்றார்கள். பொது இடங்களில் நடந்த சைக்கிள் நிகழ்ச்சிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் வண்டி போதிய அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் ஓட்டும் உயரமான வண்டியிலேயே பழகினார்கள். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் செய்தியைப் புத்தகத்தில் படித்தபோது எங்கோ நடந்தது போல் இருந்தது. எங்களில் ஒருத்தியின் அம்மாச்சியே அப்படிக் கற்றவர் என்பது அவளுக்கே அதுவரை தெரியாது!

அம்மாச்சி 1954இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்பு முடியும் முன்பே பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு ஆடு மேய்க்கப் போனார். 1970இல், தம் பதினாறாம் வயதில் மணம் முடித்தார். (அப்போது பெண்ணின் திருமண வயது சட்டப்படி 15தான். 1978இல்தான் அது 18 ஆயிற்று.) 1992இல் அவருக்கு முப்பத்தெட்டு வயது, நான்கு பிள்ளைகள். தோட்டத்தில் விளைந்த கீரையையும் கத்தரிக்காயையும் கூடையில் சுமந்து சந்தைக்கு நடப்பார். பேருந்தில் கூடையை ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

“ராத்திரி நிலா வெளிச்சத்துல களத்து மேட்டுல பழகுனோம். பகல்ல பழகுனா பயலுக விசிலடிப்பானுக. மொத நாளே விழுந்து முட்டி சிராய்ச்சுருச்சு. சேலை சக்கரத்துல மாட்டிக் கிழிஞ்சுச்சு. உங்க தாத்தா பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. மறுநாள் சங்கிலிக்கு அவரே எண்ணெய் விட்டு வச்சிருந்தாரு” என்று அவர் சொன்னபோது அவர் முகம் இருந்த இருப்பை எழுத எங்களுக்குத் தெரியவில்லை.

சைக்கிள் வந்த பிறகு விடியற்காலையில் சந்தைக்குப் போய் எட்டு மணிக்குள் திரும்பிவிடுவாராம். பின்னால் இரண்டு குடம் கட்டித் தண்ணீரும் கொண்டு வருவாராம். தம் பெயரைக் கையெழுத்திடவும் அந்த ஆண்டுதான் கற்றுக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டு நாங்கள் கைத்தட்டினோம். அப்போது எங்கள் தோழி ஒரு கேள்வி கேட்டாள். “அப்படின்னா அம்மாவுக்கு ஏன் சைக்கிள் ஓட்டத் தெரியலை, அம்மாச்சி?”

அம்மாச்சி வெற்றிலைப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார். உடனே பதில் சொல்லவில்லை.

தோழியின் அம்மா எட்டாம் வகுப்பு வரை உள்ளூர்ப் பள்ளியில் படித்தவர். ஒன்பதாம் வகுப்புக்கு ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். அம்மாச்சியின் சைக்கிள் காலை எட்டு மணிக்குப் பிறகு திண்ணையில் சும்மாதான் நின்றது. தனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும்படி அவர் கெஞ்சினாராம். அவர் வயதுக்கு வந்து சடங்கு சுற்றி ஓராண்டுகூட ஆகவில்லை. வேண்டாம் என்று சொன்னவர் தாத்தா அல்லர், அம்மாச்சியேதான். சைக்கிளும் நின்றது, படிப்பும் நின்றது.

கதை அத்தோடு முடியவில்லை. பதினேழு வயதில் அதே பெண்ணை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நூற்பாலைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்நாளில் திருப்பூர், கோவை, திண்டுக்கல் பகுதிகளில் பல ஆலைகள் இளம்பெண்களை விடுதியில் தங்க வைத்து, மூன்றாண்டு வேலை செய்தால் முடிவில் ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலைக்கு எடுத்தன. திருமணச் செலவுக்கு உதவும் என்பதால் அதற்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்றே பெயர் வந்தது. நாள் தவறாமல் வேலை, பஞ்சுத் தூசி, விடுதியை விட்டு வெளியே செல்லத் தடை. ஏழு கிலோமீட்டர் பள்ளிக்கு அனுப்பப் பயந்தவர்கள் இருநூறு கிலோமீட்டர் ஆலைக்கு எப்படி அனுப்பினார்கள்? இதைத்தான் எங்கள் தோழி கேட்டாள். குரல் சற்று உயர்ந்துவிட்டது.

அம்மாச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறோம்.

“நான் ஓட்டுனது பொழப்புக்கு. கூடை பின்னாடி இருக்கும். பாக்குறவனுக்கு, இவ யாவாரத்துக்குப் போறான்னு தெரியும். வயசுப் புள்ள கையில புஸ்தகத்தோட போனா ஊரு சும்மா இருக்குமா? மில்லுக்குப் போனது கல்யாணத்துக்கு நகை சேர்க்க. அதை ஒருத்தனும் தப்பாப் பேசலை. எனக்கு அப்ப அம்புட்டுத்தான் தெரிஞ்சுச்சு ஆத்தா.”

தோழியின் அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, “அந்தக் காசுல வாங்குன செயினு உங்க அப்பா ஆட்டோ எடுத்தப்ப அடகுக்குப் போச்சு. இன்னும் திருப்பலை” என்று மட்டும் சொன்னார். எங்களுக்குக் கிணற்றுக்குள் போன தண்டட்டி நினைவுக்கு வந்தது.

அன்று மாலை ஐவரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து இதைப் பற்றியே பேசினோம். எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. பெண்ணின் வாழ்வில் வரும் மாற்றம் குடும்பத்துக்குப் பயன்படுமானால் பழக்கவழக்கம் எளிதில் வழிவிடுகிறது. பெண் சந்தைக்குப் போகலாம், ஆலைக்குப் போகலாம், மகளிர் சுயஉதவிக் குழுவில் தன் பெயரில் கடன் வாங்கி வரலாம். அதே பெண் தனக்கென்று ஒன்றைக் கேட்கும்போதுதான் “நம் பண்பாடு என்னாவது?” என்ற கேள்வி எழுகிறது. இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சாதிக்க எங்களுக்கு வயதும் அறிவும் போதாது. ஆனால் கேட்டறிந்தவற்றைத் திருப்பிப் பார்த்தால் பல செய்திகள் இதற்குள் அடங்கின.

எடுத்துக்காட்டாகச் சொத்தைப் பாருங்கள். 1989இல் தமிழ்நாடு அரசு, இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்று சட்டம் கொண்டுவந்தது. 2005இல் அது நாடு முழுவதற்கும் ஆயிற்று. கிறித்தவர்களுக்கான 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், உயில் இல்லாதபோது மகன், மகள் என்று வேறுபாடு காட்டவில்லை. ஆனால் எங்கள் அம்மாக்களில் மூவர் பத்திர அலுவலகத்துக்குப் போய், தம் பங்கை உடன்பிறந்தாருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டோம். இல்லையாம். “பங்கு கேட்டா அண்ணன் வாசல்ல எப்படி மிதிக்கிறது? பொங்கச் சீரு யாரு கொண்டு வருவா?” என்றார் ஒருவர். பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரும் கரும்பும் மஞ்சள் கொத்தும் பாத்திரமும் நல்ல வழக்கந்தான். எங்களுக்கும் அது வரும் நாள் கொண்டாட்டம். ஆனால் நிலத்தின் பங்கையும் கரும்பையும் ஒரு தராசில் வைத்து நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

எல்லா வழக்கங்களும் தேய்ந்து போகின்றன என்று எண்ணுவதும் தவறு. சில வளர்கின்றன. அம்மாச்சி காலத்தில் பெண் பெரியவளானால் தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுவார். பதினாறு நாள் அதில் தனித்திருக்க வேண்டும். பிறகு உறவினர் கூடித் தண்ணீர் ஊற்றுவார்கள். அவ்வளவே. இன்று குடிசை பெயருக்குத்தான். ஆனால் திருமண மண்டபம், ஒலிபெருக்கி, தட்டுத் தட்டாகச் சீர், ஊர் முனையில் எங்கள் படம் போட்ட பத்தடி பேனர்! வீட்டுப் பெண்களுக்குள் மெதுவாகச் சொல்லிக்கொண்ட செய்தியை இப்போது பேருந்தில் போகிறவர்களும் படிக்கிறார்கள். பேனர் வைக்க வேண்டாம் என்று எங்களில் இருவர் அழுதும் நடக்கவில்லை. முன்பு செய்த மொய்யைத் திரும்ப வாங்க வேண்டுமே! (இந்தப் பத்தியை எழுதலாமா என்று தயங்கினோம். ஆசிரியை, “உண்மையென்றால் எழுதுங்கள்” என்றார்கள்.)

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் முதல் தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை என்று வழங்கப்பட்டது. எங்கள் அம்மாக்களில் நால்வருக்கு அது கிடைத்தது. அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். எரிவாயு உருளை, தம்பியின் வேன் கட்டணம், மளிகைக் கடைப் பாக்கி என்று மூவர் சொன்னார்கள். நான்காமவர் மட்டும், முதல் மாதப் பணத்தில் மூக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டதாகச் சொன்னார். ஊசியில் நூல் கோக்க முடியாமல் நான்காண்டுகள் மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

தனக்கென்று கேட்ட பெண்கள் எங்கள் மாவட்டத்தில் முன்பே இல்லாமலில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பள்ளிப் படிப்பின் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே படித்துத் தேறி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆண்களே படித்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. அப்போதைய மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னாளில் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவரானதும், அவ்வை இல்லத்தையும் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவியதும் பாடநூல்களில் உள்ளவை. எங்களை மிகவும் கவர்ந்தது வேறொன்று. 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கும் முன், தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று உறுதி கேட்டுப் பெற்ற பிறகே அவர் இசைந்தார். நூறு ஆண்டுகளுக்கும் முன்பு! இதை அம்மாச்சியிடம் சொன்னோம். “படிச்சிருந்துச்சு, கேட்டுச்சு” என்றார் சுருக்கமாக.

எங்களுக்கும் இப்போது அப்படி ஒரு வாசல் வந்திருக்கிறது. எங்கள் பள்ளி பத்தாம் வகுப்புடன் முடிகிறது. பதினோராம் வகுப்புக்கு எட்டுக் கிலோமீட்டர் தள்ளி நகரத்துக்குப் போக வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதால் பலர் வீட்டில் செலவைப் பற்றிய பேச்சு குறைந்திருக்கிறது. ஆனால் எங்கள் தோழியின் ஊருக்கு நாளைக்கு நான்கு முறைதான் பேருந்து. மாலைப் பேருந்து பள்ளி விடுமுன்னே போய்விடும். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்ததால், மேல்நிலை வகுப்பில் சைக்கிள் கிடைக்கும். ஆகவே வண்டி பற்றிய கவலை இல்லை. வழியில் இரண்டு கிலோமீட்டர் தைல மரக் காடு. அதுதான் வீட்டாரின் கவலை. அது பொய்க் கவலை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அதே வழியில்தான் அம்மாச்சி விடியற்காலை இருட்டில் கீரைக் கூடையுடன் போய் வந்திருக்கிறார்.

ஐவரில் மூவருக்கு மேல்நிலைப் படிப்பு உறுதியாகிவிட்டது. ஒருத்தி பாலிடெக்னிக்கில் சேர எண்ணியிருக்கிறாள். அறிவியல் பிரிவு எடுத்துச் செவிலியர் படிப்புக்குப் போக விரும்பும் எங்கள் தோழிக்கு மட்டும், இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள் வரை விடை கிடைக்கவில்லை. “தேர்வு முடிவு வரட்டும்” என்கிறார் அவள் அப்பா. அம்மா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அந்தச் செயினைத் திருப்ப வேண்டாம், நகரத்தில் விடுதிச் செலவு எவ்வளவு என்று விசாரித்து வா என்று மகளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை வேளையில் அவளைக் களத்து மேட்டுக்கு அழைத்துப் போகிறார். அவருடைய பழைய சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கி, இரண்டு டயரையும் மாற்றியாயிற்று. ஆண்கள் ஓட்டும் உயரமான வண்டி அது. சுடிதார் போட்டிருப்பதால் கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப் போடுவது சுலபமாக இருக்கிறதாம். நிலா வெளிச்சத்துக்குக் காத்திருக்கவில்லை. வெயில் இருக்கும்போதே பழகுகிறாள்.